கடல் நீருக்கு எது பிறந்த ஊர்?

"பூமியின் கடல்களை வால்நட்சத்திரங்கள் கொண்டுவந்தன என்று பள்ளியில் படித்தேன். பிறகு விண்கற்கள் என்றார்கள். இப்போது பூமி உருவானபோதே தண்ணீர் உள்ளே இருந்தது என்கிறார்கள். எதை நம்புவது? 450 கோடி வருடத்துக்கு முன்னால் நடந்ததை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்?" இதுதான் கேள்வி.

பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எப்படி அளக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால், பதில் ஏன் இத்தனை முறை மாறியது என்பதும் புரிந்துவிடும்.

தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்ஸிஜன், இரண்டு ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜன் அணுக்களில் மிகச் சில மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு கனமானவை. அவற்றின் கருவில் புரோட்டானோடு ஒரு நியூட்ரானும் சேர்ந்திருக்கும். டியூட்டீரியம் என்று பெயர். ஹெரால்ட் யூரி 1931-ல் இதைக் கண்டுபிடித்தார். அதற்காக 1934-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய கடல் நீரில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களை எண்ணினால் சுமார் 156 டியூட்டீரியமாக இருக்கும். இந்த 156-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இந்த எண்ணைச் சுற்றித்தான்.

சூரியனும் கோள்களும் பிறந்த வாயு மேகத்தில் இதே கணக்கு பத்து லட்சத்துக்குச் சுமார் 20 மட்டுமே. ஆனால் மைனஸ் 250 டிகிரி செல்சியஸுக்கும் கீழான கடுங்குளிரில் நடக்கும் வேதிவினைகள், கனமான ஹைட்ரஜனைத் தண்ணீருக்குள் அதிகமாக இழுத்துப் பூட்டிவிடும். சூடான இடத்துக்கு வந்தால் அந்த நீராவி சுற்றியிருக்கும் ஹைட்ரஜன் வாயுவோடு அணுக்களை மாற்றிக்கொள்ளும். எண் கீழே இறங்கும். அதனால் ஒரு பனிக்கட்டி எவ்வளவு குளிரில் பிறந்தது, பிறகு எவ்வளவு சூடு கண்டது என்பது அதன் டியூட்டீரியக் கணக்கில் பதிந்திருக்கும்.

நான் சில வருடங்கள் நிலத்தடி நீர் மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே நாங்கள் பார்த்ததும் இதே டியூட்டீரியம்தான். வடகிழக்குப் பருவமழை நீரில் அது தென்மேற்குப் பருவமழையில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும். ஏரியில் வெயிலில் கிடந்து பாதி ஆவியான தண்ணீரில் கூடுதலாக இருக்கும், ஏனென்றால் லேசான மூலக்கூறுகள் முதலில் பறந்துவிடும். ஒரு கிணற்று நீர் எந்த மழையில் ஊறியது, ஏரியிலிருந்து கசிந்து வந்ததா என்பதை இதை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். முதல் நாள் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்: மாதிரிக் குப்பியைக் கழுத்துவரை நிரப்பு, காற்றுக்கு இடம் விடாதே. கொஞ்சம் ஆவியானால்கூடக் கணக்கு கெட்டுவிடும். ஒரு கிணற்றுக்கே இவ்வளவு கவனம் வேண்டும் என்றால், 50 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும் பனி உருண்டையின் தண்ணீரை அளப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வால்நட்சத்திரங்களுக்கு வருவோம். அவை பனியும் தூசியும் சேர்ந்த உருண்டைகள். பூமியின்மேல் நிறைய விழுந்திருக்கின்றன. அவையே கடலைக் கொண்டுவந்தன என்று நினைத்தது இயல்புதான். 1986 மார்ச்சில் ஐரோப்பாவின் ஜியோட்டோ விண்கலம் ஹேலி வால்நட்சத்திரத்தின் அருகே பறந்து அதன் நீராவியை அளந்தது. கிடைத்த எண் சுமார் 300. நம் கடலைப் போல இரண்டு மடங்கு. அடுத்த பத்து வருடங்களில் வந்த ஹியாகுடாகேயும் ஹேல்-பாப்பும் அதே அளவைக் காட்டின. கடல் முழுவதும் இவற்றிலிருந்து வந்திருந்தால் நம் கடலும் 300 என்றுதான் காட்ட வேண்டும். அப்போதே வால்நட்சத்திரக் கருத்து ஆட்டம் கண்டுவிட்டது.

பிறகு 2011-ல் ஒரு திருப்பம். ஹெர்ஷல் விண்தொலைநோக்கி ஹார்ட்லி 2 என்ற சிறிய வால்நட்சத்திரத்தைப் பார்த்தது. எண் 161. கிட்டத்தட்ட அப்படியே நம் கடல். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பட்டையிலிருந்து வரும் வால்நட்சத்திரங்கள் எல்லாம் இப்படித்தான் இருக்குமோ என்ற எதிர்பார்ப்பு பிறந்தது. அதைச் சோதிக்க ஒரு விண்கலம் ஏற்கெனவே வழியில் இருந்தது. 2004-ல் ஏவப்பட்ட ரொசெட்டா, பத்து வருடம் பயணம் செய்து 2014 ஆகஸ்டில் 67பி சுர்யுமோவ்-ஜெராசிமென்கோவை அடைந்து அதைச் சுற்றிவந்தது. அதிலிருந்த நிறமாலைமானி, வால்நட்சத்திரத்திலிருந்து கிளம்பிய வாயுவை நேரடியாக முகர்ந்து பார்த்து மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்தது. கேத்ரின் ஆல்ட்வெக் தலைமையிலான குழு அந்த டிசம்பரில் வெளியிட்ட எண்: 530. நம் கடலைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

பள்ளிப் புத்தகங்களில் பதில் மாறியது பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான். ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. 2024-ல் நாசாவின் கேத்லீன் மாண்ட் குழுவினர் ரொசெட்டாவின் பழைய அளவீடுகளை, 16,000-க்கும் மேற்பட்டவற்றை, மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். வால்நட்சத்திரத்துக்கு மிக அருகில் தூசி அடர்த்தியாகப் பறக்கும். அந்தத் தூசித் துகள்களில் டியூட்டீரியம் கலந்த தண்ணீர் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். வெயில் பட்டதும் அது விண்கலத்தின் பக்கத்திலேயே ஆவியாகும். கருவி அதையும் சேர்த்து எண்ணிவிடும். சுமார் 120 கிலோமீட்டர் தள்ளிப் போனால் தூசி காய்ந்துவிடுகிறது; அங்கே எடுத்த அளவுகளை மட்டும் பார்த்தால் எண் வெகுவாக இறங்கி நம் கடலின் எண்ணை நெருங்குகிறது. என் ஆய்வகக் குப்பிதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அணு எண்ணும் கருவி சரியாகவே எண்ணியது. எண்ணுவதற்கு எடுத்துக்கொண்ட நீராவிதான் வால்நட்சத்திரத்தின் உண்மையான மாதிரியாக இல்லை.

தொலைநோக்கியில் பார்ப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. சாதாரணத் தண்ணீரும் டியூட்டீரியம் கலந்த தண்ணீரும் வெவ்வேறு அலைநீளங்களில் ஒளியை உமிழும்; இரண்டின் பலத்தையும் ஒப்பிட்டால் விகிதம் கிடைக்கும். ஆனால் நம் தலைக்கு மேலே காற்றில் இருக்கும் நீராவி அதே அலைநீளங்களை விழுங்கிவிடுகிறது. தண்ணீரைத் தேடுகிறவனுக்குத் தண்ணீரே திரை. அதனால்தான் அல்மா தொலைநோக்கிகளைச் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் வைத்தார்கள். ஹெர்ஷலை விண்வெளிக்கே அனுப்பினார்கள். போயிங் 747 விமானத்தின் பக்கவாட்டில் கதவு வெட்டி சோஃபியா என்ற தொலைநோக்கியைப் பொருத்தி, நீராவிக்கு மேலே பறந்து பார்த்தார்கள். சோஃபியா 2018 டிசம்பரில் விர்ட்டானன் வால்நட்சத்திரத்தைப் பார்த்தது. அதுவும் 161 என்றே காட்டியது.

ஆக, "வால்நட்சத்திரத் தண்ணீர் நம் கடலோடு ஒத்துப்போகாது" என்பது இன்று அவ்வளவு உறுதியான வாதம் இல்லை. அப்படியானால் அவைதான் கொண்டுவந்தனவா? இல்லை என்றே நினைக்கிறேன். காரணம் தண்ணீரில் இல்லை, காற்றில் இருக்கிறது. ரொசெட்டா 67பி-யில் செனான் என்ற மந்த வாயுவையும் அளந்தது. ஒரே தனிமத்தின், எடை மட்டும் வேறுபடும் அணு வகைகளை ஐசோடோப்புகள் என்பார்கள்; டியூட்டீரியம் ஹைட்ரஜனின் ஐசோடோப்பு. அந்தச் செனானின் ஐசோடோப்புக் கலவையை நம் வளிமண்டலச் செனானோடு ஒப்பிட்டபோது, நம் காற்றிலுள்ள செனானில் ஏறக்குறைய 22 சதவீதம் வால்நட்சத்திரங்களிலிருந்து வந்திருக்கலாம் என்று 2017-ல் கணக்கிட்டார்கள். அவ்வளவு செனானைக் கொடுக்கத் தேவையான வால்நட்சத்திரங்கள் எத்தனை தண்ணீர் கொண்டுவந்திருக்கும் என்று பார்த்தால், கடலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. செனானும் தண்ணீரும் ஒரே பனியில் சேர்ந்து வருபவை. கடல் முழுக்க அந்த வழியில் வந்திருந்தால் காற்றில் இன்னும் எத்தனையோ மடங்கு செனான் இருந்திருக்க வேண்டும். இந்தத் துறையில் நான் படித்த வாதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

அடுத்து விண்கற்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களின் சில்லுகள்தான் பெரும்பாலான விண்கற்கள். அவற்றில் கார்பன் நிறைந்த கருப்புக் கற்கள் ஒரு வகை. 1864-ல் பிரான்சின் ஓர்கெய்யில் விழுந்தது, 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்தது போன்றவை. பார்த்தால் காய்ந்த கரித்துண்டு மாதிரிதான் இருக்கும். ஆனால் களிமண் போன்ற கனிமங்களுக்குள் எடையில் பத்து சதவீதமும் அதற்கு மேலும் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். டியூட்டீரியக் கணக்கு நம் கடலுக்கு மிக அருகில். நைட்ரஜன் ஐசோடோப்புகளும் நம் காற்றுக்குப் பொருந்தி வருகின்றன. வால்நட்சத்திர நைட்ரஜன் பொருந்துவதில்லை.

அளவுக்குப் பஞ்சம் வருமா என்று தோன்றலாம். கடல்கள் பூமிப் பரப்பில் 71 சதவீதத்தை மூடியிருக்கின்றன, ஆனால் எடையில் பூமியின் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நாலேகால் கிலோ தர்பூசணியின்மேல் ஒரு கிராம் தண்ணீரைப் பூசியதுபோல, இருபது சொட்டு. பூமியின் எடையில் வெறும் ஒரு சதவீதம் இந்தக் கருப்புக் கற்களாக இருந்திருந்தால் நான்கு கடல் கிடைத்திருக்கும்.

இங்கேயும் மாதிரி கெட்டுப்போகும் பிரச்சினைதான் பெரிது. விண்கல் தரையில் விழுந்த நிமிடத்திலிருந்து நம் காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஆரம்பிக்கிறது. பல வருடம் அருங்காட்சியகத்தில் இருந்த கல்லைச் சோதித்து, "ஆகா, நம் கடல் மாதிரியே இருக்கிறது" என்று சொன்னால், அது நம் கடல் ஈரமாகவே இருந்துவிடலாம். 2021 பிப்ரவரி 28 இரவில் இங்கிலாந்தின் வின்ச்கோம் என்ற சிற்றூரில், ஒரு வீட்டு வாசலில் இப்படி ஒரு கருப்புக் கல் விழுந்து நொறுங்கியது. மறுநாள் காலையிலேயே, மழை படுவதற்கு முன், அள்ளி எடுத்துவிட்டார்கள். அதில் சுமார் 11 சதவீதம் தண்ணீர் இருந்தது, விகிதம் கடலை ஒத்திருந்தது. வெளி ஈரம் படாத சான்று என்ற வகையில் அந்தக் கல் அவ்வளவு மதிப்பு வாய்ந்தது.

இதைவிடச் சுத்தமான வழி, சிறுகோளுக்கே போய் எடுத்து வருவது. ஜப்பானின் ஹயபூசா 2 ரியூகு சிறுகோளிலிருந்து 5.4 கிராம் கொண்டுவந்து 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இறக்கியது. ஐந்து கிராம் என்றால் ஒரு தேக்கரண்டி சர்க்கரை அளவு. அதில் ஒரு படிகத்துக்குள் நுண்ணிய திரவத் துளி ஒன்று சிக்கியிருந்தது. கரியமில வாயு கரைந்த தண்ணீர். நம் சோடாவின் தூரத்து உறவு. பூமிக்குக் கடல் வருவதற்கு முன்பே அந்தச் சிறுகோளின் தாய்ப்பாறைக்குள் பனி உருகித் தண்ணீராக ஓடியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. பிறகு அமெரிக்காவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் பென்னு சிறுகோளிலிருந்து 121.6 கிராம் அள்ளி 2023 செப்டம்பர் 24-ல் யூட்டாவில் சேர்த்தது. மாதிரியைக் காற்று படாமல் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வைத்தே திறந்தார்கள். 2025 ஜனவரியில் வந்த முடிவுகளில் உப்புகள் இருந்தன. உப்புநீர் மெல்ல வற்றும்போது வரிசையாகப் படியும் உப்புகள். அவற்றில் சோடியம் கார்பனேட் வகையும் உண்டு. நம் ஊரில் துணி வெளுக்க அள்ளிய உவர்மண்ணில் பூத்திருக்கும் அதே இனம். ஈரம் பட்டால் கரைந்து போகும் இந்த உப்புகள், தரையில் விழுந்து கிடக்கும் விண்கல்லில் இவ்வளவு நாள் தாங்கியிருக்காது. காற்றுப் படாமல் எடுத்து வந்ததால்தான் கண்ணில் பட்டன.

இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறதே, கருப்புக் கற்கள்தான் பதில் என்று முடித்துவிடலாமா? 2020 வரை பலரும் அப்படித்தான் முடித்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு படம் இருந்தது. இளம் சூரியனைச் சுற்றி, கோள்கள் உருவான வாயுவும் தூசியும் சேர்ந்த தட்டில் ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு உள்ளே வெப்பம் அதிகம், தண்ணீர் பனியாக உறைய முடியாது. அந்த எல்லையைப் பனிக்கோடு என்கிறார்கள். பூமி அதற்கு உள்ளே உருவானது, எனவே உலர்ந்த கற்களால் கட்டப்பட்டது. தண்ணீர் பின்னால், வெளியிலிருந்து வந்தது. வியாழன் நகர்ந்தபோது வெளியே இருந்த ஈரக் கற்கள் உள்ளே சிதறி வந்தன என்று அந்த வழிக்கும் ஒரு கணக்கு உண்டு.

பூமியின் கட்டுமானக் கல் எது என்று கேட்டால், ஐசோடோப்பு அடிப்படையில் மிக நெருங்கிய உறவு என்ஸ்டடைட் காண்ட்ரைட் என்ற அரிய விண்கல் வகை. பனிக்கோட்டுக்கு உள்ளே பிறந்தவை, அதனால் உலர்ந்தவை என்று எல்லோரும் எண்ணிய கற்கள். 2020-ல் பிரான்சின் லோரெட் பியானி குழு அவற்றின் ஹைட்ரஜனை நுணுக்கமாக அளந்தபோது, பூமி இத்தகைய கற்களால் மட்டுமே கட்டப்பட்டிருந்தாலும் இன்றைய கடலைப்போல மூன்று மடங்கு தண்ணீருக்காவது போதுமான ஹைட்ரஜன் அவற்றில் இருப்பது தெரிந்தது. உடனே பழைய சந்தேகம் எழுந்தது: அது பூமியின் ஈரமோ? 2025-ல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று, அண்டார்டிகாவில் கிடைத்த இந்த வகைக் கல்லின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தது. ஹைட்ரஜன் கந்தகத்தோடு சேர்ந்து கல்லின் நுண்ணிய பகுதியில் இருந்தது. விரிசல் விட்டுத் துருப்பிடித்த இடங்களில், அதாவது நம் ஈரம் நிச்சயம் புகுந்த இடங்களில், அது அநேகமாக இல்லவே இல்லை. வெளியிலிருந்து வந்த ஈரம் என்றால் நேர்மாறாக அல்லவா இருந்திருக்க வேண்டும். இந்த ஹைட்ரஜன் கல்லோடு பிறந்தது என்பதே எனக்கும் சரியாகப் படுகிறது.

எப்போது வந்தது என்பதற்கும் ஒரு சாட்சி இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைக்கும் ஜிர்கான் என்ற கனிமத்தின் மணிகள், அரிசி நொய்யைவிடச் சிறியவை. மிகப் பழையதன் வயது 440 கோடி வருடம். அவற்றின் ஆக்ஸிஜன் ஐசோடோப்புகள், அந்த மணிகள் விளைந்த பாறைக் குழம்பு ஏற்கெனவே குளிர்ந்த தண்ணீரில் ஊறிய பொருளை உருக்கியே உண்டானது என்று காட்டுகின்றன. பூமிக்கு வயது சுமார் 454 கோடி. ஆக, பூமி பிறந்து சில கோடி முதல் இருபது கோடி வருடங்களுக்குள் மேலே நீர் நின்றிருக்கிறது. கோள் உருவாகி வெகுகாலம் கழித்து வால்நட்சத்திர மழை வந்து கடலை நிரப்பியது என்ற பழைய சித்திரத்துக்கு இது இடம் கொடுப்பதில்லை.

சூரியக் காற்றையும் ஒரு வரி சொல்ல வேண்டும். சூரியனிலிருந்து வீசும் ஹைட்ரஜன், விண்வெளித் தூசியின்மேல் மோதி, பாறையின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தண்ணீரை உண்டாக்கும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசாவின் கருவி 2009-ல் நிலவின் பரப்பில் கண்ட ஈரத்தில் ஒரு பங்கு இப்படிப் பிறந்ததே. இடோகாவா சிறுகோளின் தூசியிலும் இதைப் பார்த்தார்கள். பூமிக்கு இந்த வழியில் கொஞ்சம் வந்திருக்கும். இன்னொரு யோசனை, இளம் பூமியைப் போர்த்தியிருந்த ஹைட்ரஜன் போர்வை உருகிய பாறைக் கடலோடு வினைபுரிந்து தண்ணீரை இங்கேயே சமைத்தது என்பது. வேதியியல் ஒத்துவருகிறது, பங்கு எவ்வளவு என்பதில்தான் விவாதம்.

இந்த இரண்டு வழிகளும் டியூட்டீரியம் குறைந்த தண்ணீரையே தரும். அதனால் ஓர் எச்சரிக்கை: 156 என்பது இன்றைய எண், பிறவி எண்ணாக இருக்க வேண்டியதில்லை. வெள்ளிக் கோளில் இந்த விகிதம் நம்மைப்போல நூறு மடங்குக்கும் மேல். அங்கே லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பிப்போய்க் கனமானது மட்டும் தங்கிவிட்டது. பூமியிலும் கொஞ்சம் தப்பியிருக்கும். கனடாவின் பாஃபின் தீவில், பூமியின் மேலோட்டுக்குக் கீழேயுள்ள மேன்டில் என்ற பாறை அடுக்கின் ஆழத்திலிருந்து வந்த எரிமலைப் பாறைகளை லிடியா ஹாலிஸ் குழு 2015-ல் சோதித்தபோது, அதற்குள் சிக்கிய நீரில் டியூட்டீரியம் கடலைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தது. பூமியின் வயிற்றில் இருப்பதும் மேலே இருப்பதும் ஒரே கணக்கு இல்லை. வெவ்வேறு ஊற்றுகள் கலந்தும் ஒரு 156 வரலாம். ஒரே ஒரு எண் பொருந்திவிட்டது என்று ஊரைச் சொல்லிவிட முடியாது.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். என் கணிப்பு இது. பெரும்பங்கு பூமியைக் கட்டிய கற்களுக்குள்ளேயே ஹைட்ரஜனாக இருந்து, உருகிய பாறையின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து, எரிமலைகள் வழியே நீராவியாக வெளியேறி மழையாக விழுந்தது. கட்டுமானம் முடியும் தறுவாயில் கருப்புக் கற்கள் கணிசமாகச் சேர்த்தன. வால்நட்சத்திரங்கள் காற்றில் தடம் பதித்தன, கடலில் சொற்பம். கருப்புக் கற்களுக்கு என்னைவிட அதிகப் பங்கு கொடுக்கும் ஆய்வாளர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களிடமும் வலுவான காரணங்கள் உண்டு.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. பனியாக வந்த பங்கு எங்கே பிறந்தது? 2014-ல் இல்ஸ் கிளீவ்ஸ் குழு, இளம் சூரியனின் தட்டிலேயே நம் கடலில் இருக்கும் அளவு டியூட்டீரியம் கொண்ட தண்ணீரைத் தயாரிக்க முடியுமா என்று மாதிரிக் கணக்குப் போட்டது. முடியவில்லை. மேகத்தின் 20-லிருந்து 156-க்கு ஏற, சூரியன் பிறப்பதற்கு முந்தைய குளிர் மேகத்தின் பனி கணிசமாகக் கலந்திருக்க வேண்டியிருந்தது. கடல் நீரில் பாதிவரை சூரியனைவிட மூத்ததாக இருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 2023-ல் அல்மா இதை வேறோர் இடத்தில் நேரில் பார்த்தது. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் வி883 ஓரியோனிஸ் என்ற இளம் நட்சத்திரம் திடீரெனப் பிரகாசமாகி, தன் தட்டிலிருந்த பனியை நீராவியாக்கியிருந்தது. பனியாக இருந்தால் கண்ணுக்குத் தப்பியிருக்கும். நம் கடல்களைப்போல குறைந்தது 1,200 மடங்கு தண்ணீர் அங்கே இருந்தது. அதன் டியூட்டீரியக் கணக்கு, நட்சத்திரங்கள் பிறக்கும் குளிர் மேகங்களின் நீரோடும் நம் வால்நட்சத்திரங்களின் நீரோடும் ஒத்துப்போனது.